60 டன் பிட்லெஸ் எடை மேடை: ஓடிக்கிட்டிருக்குற சோள டெப்போவுல போட்டு ஒரு சீசன் ஓட்டினதுக்கு அப்புறம்

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோள டெப்போ வச்சிருக்கோம், விவசாயிங்க கிட்ட வாங்கி காயவச்சு நாமக்கல் கோழித்தீவன மில்லுங்களுக்கு லோடு அனுப்புற வேலை. டெப்போவுக்குள்ளயே சொந்தமா எடை மேடை போட்டாச்சு. 60 டன், 16 மீட்டருக்கு 3 மீட்டர், பிட்லெஸ் (குழி வெட்டாம தரைக்கு மேலயே நிக்குறது), எட்டு லோட் செல் (மேடைக்கு அடியில இருந்து பாரத்தை அளக்குற சென்சார்), அனலாக். ஒரு சீசன் முழுசா ஓட்டிப் பாத்துட்டுதான் எழுதுறேன். மெஷின் நல்லாவே இருக்கு, சர்வீஸ் பரவாயில்ல. ஆனா "அது எங்க ஸ்கோப்புல வராதுங்க"ன்னு கம்பெனிக்காரங்க ஒதுக்கி வைக்குற சிவில் வேலை இருக்கு பாருங்க, எடை சரியா விழுமா விழாதான்னு முடிவு பண்றதே அதுதான், கொட்டேஷன்ல அதுக்கு ஒரே ஒரு வரி போட்டிருப்பாங்க. கம்பெனி பேர் போடல, ஏன்னா நான் கேட்டுப் பாத்த எல்லா கம்பெனி கொட்டேஷன்லயும் அதே வரி அப்படியே இருந்துச்சு.

மொதல்ல எதுக்கு சொந்தமா போடணும்னு கேக்குறவங்களுக்கு. வெளிய காசு குடுத்து எடை போட்டா ஒரு வண்டிக்கு ஆகுற காசு பெருசில்ல, ஆனா தை மாசி அறுப்பு நேரத்துல அங்க கியூ நிக்கும், டிராக்டர் ஒரு தடவை லோடோட போகணும், இறக்கிட்டு திரும்ப காலி வண்டியா போகணும், டீசலும் போச்சு நேரமும் போச்சு. அதைவிட முக்கியம் மில்லுக்கு போற லாரி. பத்து சக்கர வண்டிக்கு மொத்த எடை 28 டன், பன்னெண்டு சக்கரத்துக்கு 35 டன், இதுக்கு மேல ஏத்திட்டு ரோட்டுல மாட்டுனா 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20,000 ரூபா, அது போக கூடுதலா இருக்குற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் சொல்லுவாங்க. லோடு ஏத்தி தார்ப்பாய் கட்டி வெளிய போய் எடை போட்டு ஒன்றரை டன் அதிகம்னு தெரிஞ்சா திரும்ப டெப்போவுக்கு வந்து கட்டை அவுத்து மூட்டையை இறக்கணும், லோடுமேன் மூஞ்சியப் பாக்க முடியாது. இப்ப கேட்டுக்குள்ளயே தெரிஞ்சுடுது.

பிட் டைப்பா பிட்லெஸ்ஸான்னு நிறைய பேர் குழம்புறாங்க. குழி வெட்டி மேடையை தரை மட்டத்துக்கு வச்சா இடம் கம்மியா போதும், எந்தப் பக்கம் வேணா வண்டி திரும்பலாம், ஆனா குழிக்குள்ள தண்ணி வரும், பம்ப் வைக்கணும், ஐப்பசி கார்த்திகையில கரண்டு போச்சுன்னா லோட் செல் தண்ணிக்குள்ள நிக்கும். எங்க இடம் கரிசல், மழை பேஞ்சா தண்ணி இறங்கவே இறங்காது, அதனால பிட்லெஸ். அதுல இருக்குற சிக்கல் இடம். சேல்ஸ்ல வந்தவர் டேப்பை வச்சு 16 மீட்டர் அளந்துட்டு "தாராளமா இருக்கு சார்"ன்னு கிளம்பிட்டார். மேடை தரையில இருந்து கிட்டத்தட்ட ஒன்றரை அடி உயரம், லோடு வண்டி சிரமமில்லாம ஏறணும்னா பத்துக்கு ஒண்ணுங்குற சாய்வு வேணும், அப்ப ரெண்டு பக்கமும் நாலரை அஞ்சு மீட்டர் ராம்ப், ராம்ப் முடியுற இடத்துக்கும் மேடைக்கும் நடுவுல கொஞ்சம் சமதளம், அதுக்கும் முன்னாடி வண்டி நேராகிக்கிறதுக்கு இடம். வண்டி வளைஞ்சுகிட்டே ராம்ப்ல ஏறுனா மேடையை பக்கவாட்டுல தள்ளும், அடியில இருக்குற செல்லுக்கும் மேடை ஆடாம தடுக்குற ஸ்டாப்பருக்கும் அது நல்லதில்ல. ஆக 16 மீட்டர் மேடைக்கு நேர்கோட்டுல 35 மீட்டராவது ஒதுக்கணும். நாங்க காயப்போடுற களத்துல ஒரு ஓரத்தை வெட்டித்தான் இந்த நீளத்தை எடுத்தோம்.

12 மீட்டர் மேடை போதுமே, விலையும் கம்மின்னு சொல்லுவாங்க. பதினாலு சக்கர வண்டி வரைக்கும் அதுல நிக்கும், நிக்காம இல்ல, ஆனா டிரைவர் அரை அடி முன்னபின்ன நிறுத்துனா ஒரு சக்கரம் ராம்ப்ல இருக்கும். அப்புறம் முன்னாடி பாதி பின்னாடி பாதின்னு ரெண்டா எடை போட்டு கூட்டுற பழக்கம் வேற இருக்கு, அதை செய்யவே செய்யாதீங்க, ராம்ப் சாய்வுலயும் பிரேக் பிடிச்ச பிடியிலயும் எடை ஒரு ஆக்சில்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறிடும், கூட்டுனா வர்றது வேற ஏதோ ஒரு நம்பர்.

அடுத்தது அந்த 5 கிலோ கதை. ஒரு கம்பெனி ஆள் "60 டன் மெஷின், 5 கிலோ துல்லியம்"ன்னு பெருமையா சொன்னார். எடையளவு சட்டத்துல துல்லியத்தை வச்சு தராசை வகுப்பு வகுப்பா பிரிச்சிருக்காங்க, எடை மேடையெல்லாம் மூணாம் வகுப்புல வருது, அந்த வகுப்புல முழு எடையையும் அதிகபட்சம் 10,000 பிரிவாத்தான் பிரிச்சுக் காட்டலாம். 60,000 கிலோவை அஞ்சஞ்சா பிரிச்சா 12,000 வருது, அப்படி அரசு முத்திரை வாங்க முடியாது. 50 டன்னுன்னா 5 கிலோ சரி, 60 டன்னுக்கு 10 கிலோதான். புது மெஷினை சோதிக்கும்போது 5 டன் வரைக்கும் 5 கிலோ, 20 டன் வரைக்கும் 10 கிலோ, அதுக்கு மேல 15 கிலோ வரைக்கும் முன்னபின்ன இருக்கலாம், பயன்பாட்டுல வந்த பிறகு இதுக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் அனுமதி உண்டு. இது தெரிஞ்சா வெளி எடைமேடை சீட்டுக்கும் நம்ம சீட்டுக்கும் 20 கிலோ வித்தியாசம் வந்ததுக்கெல்லாம் சட்டையைப் பிடிச்சுக்க வேண்டியதில்ல. இன்னொண்ணு, குறைஞ்சபட்ச எடைன்னு ஒண்ணு இருக்கு, இதுல 200 கிலோ. ஏஸ் வண்டியில ஏழெட்டு மூட்டை கொண்டு வர்றவங்களை நாங்க மேடையில ஏத்துறதே இல்ல, 10 கிலோ பிரிவுல அவங்களுக்கு நியாயமா எடை போட முடியாது, குடோன் வாசல்ல இருக்குற பழைய பிளாட்ஃபார்ம் தராசுல மூட்டை மூட்டையா போட்டுடுறோம்.

இப்ப சிவில். கம்பெனி ஒரு ஃபவுண்டேஷன் டிராயிங் குடுத்தாங்க, பாக்க பிரமாதமா இருந்துச்சு, கம்பி அளவு, காங்கிரீட் கிரேடு, ஆங்கர் போல்ட் இடம் எல்லாம் மில்லிமீட்டர்ல. கீழ ஓரத்துல எறும்பு சைஸ் எழுத்துல மண்ணோட தாங்குதிறன் இவ்வளவுன்னு எடுத்துக்கிட்டோம்னு ஒரு குறிப்பு. அந்த மண்ணு எந்த ஊர் மண்ணோ தெரியாது, எங்க ஊர் கரிசலுக்கு அது பொருந்தாது. கரிசல் மழையில ஊதும், வெயில்ல சுருங்கி கை நுழையுற அளவுக்கு வெடிக்கும், அது மேல நாலு ஜோடி பீடம் கட்டி ஒண்ணு மட்டும் கொஞ்சம் இறங்குனாலும் போதும், அந்த மூலையில இருக்குற செல்லு மேல பாரம் சரியா உக்காராது. உள்ளூர் இன்ஜினியர் ஒருத்தர்தான் பிடிவாதமா நின்னு ஜேசிபி விட்டு கரிசல் முழுசையும் வழிச்சு சுக்கான் பாறை தட்டுற வரைக்கும் தோண்டச் சொன்னார், அப்புறம் கிராவல் கொட்டி அடுக்கடுக்கா தண்ணி விட்டு ரோலர் ஓட்டி, அது மேல பிசிசி (கம்பியில்லாத காங்கிரீட்), அது மேலதான் கம்பி. டிராயிங்குல இருந்ததை விட ஆழமும் செலவும் ரொம்ப அதிகம். கம்பெனி கிட்ட கேட்டதுக்கு "அது பார்ட்டி ஸ்கோப் சார்"ன்னாங்க, அதாவது வாங்குறவங்க பொறுப்பாம். சரி, பார்ட்டி ஸ்கோப்தான், ஆனா மண்ணு பரிசோதனை பண்ணிக்கோங்கன்னு கொட்டேஷன்லயே தடிச்ச எழுத்துல போடுறதுக்கு என்ன? பீடம் இறங்கி எடை மாறுனா வாரண்டி கிடையாதுங்கறதை மட்டும் தெளிவா போட்டிருக்காங்க!

டெப்போ ஓடிக்கிட்டே இருக்கும்போது வேலை நடக்குறதுதான் பெரிய தலைவலி. புது இடத்துல கட்டுறவங்களுக்கு இது புரியாது. நாங்க சித்திரையில ஆரம்பிச்சோம், அப்பத்தான் சோளம் வரத்து குறைஞ்சு குடோன்ல இருக்குறதை மில்லுக்கு அனுப்புற வேலை மட்டும் இருக்கும். புரட்டாசிக்கு மேல மழை, தோண்டுன குழி குளமாயிடும், தை பொறந்தா வண்டி வரிசை. சித்திரைய விட்டா அந்த வருஷம் அவ்வளவுதான். தோண்டுன மண்ணை எங்க கொட்டுறதுன்னு யாருமே யோசிச்சு வைக்கல, கேட்டுக்கு பக்கத்துல கொட்டிட்டாங்க, லாரி திரும்ப முடியாம டிரைவருங்க எல்லாம் ஒரே கத்தல். மெயின் வாசல் அடைபட்டதால பின்பக்க காம்பவுண்டு சுவத்தை இடிச்சு தற்காலிகமா ஒரு வழி விட்டோம், இப்ப அதுதான் நிரந்தர வெளிய போற வழி ஆயிடுச்சு, லோடு வண்டி முன்னாடி வந்து எடை போட்டு பின்னாடி வெளிய போகுது, ரிவர்ஸ் எடுக்குற வேலையே இல்ல. இந்த ஒரு மாத்தத்துனால டெப்போவே வேற மாதிரி ஆயிடுச்சு, ஆனா இதை கம்பெனியும் பிளான் பண்ணல நாங்களும் பிளான் பண்ணல, சுவரு குறுக்க நின்னுச்சு இடிச்சோம்.

காங்கிரீட் போட்டதும் அடுத்த சண்டை. கம்பெனிக்கு கிரேன் புக்கிங்கும் ஃபிட்டர் டீமும் ஒரே வாரத்துல அமைஞ்சுடுச்சாம், காங்கிரீட் போட்டு பத்து நாள் கூட ஆகாதப்ப மேடையை அனுப்புறோம்னு போன் வந்துச்சு. ஏழு நாள்ல காங்கிரீட்டுக்கு மூணுல ரெண்டு பங்கு பலம்தான் வரும், முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. மேடையை மட்டும் வைக்கலாம், லோடு ஏத்தாம இருந்தா போதும்னாங்க, ஆனா மேடை வந்து உக்காந்தா நம்ம டிரைவருங்க ஏத்தாம இருப்பாங்களா? மேஸ்திரி சாக்கு போட்டு தண்ணி கட்டி வச்சிருந்ததை எடுக்கவே மாட்டேன்னுட்டார். அவர் சொன்னதுதான் நடந்துச்சு, கம்பெனி முணுமுணுத்துக்கிட்டே தள்ளிப்போட்டுச்சு.

ஃபிட்டிங் வேலை அழகா பண்ணாங்க, இதை ஒத்துக்கணும். டிரெய்லர்ல நாலு பாகமா வந்துச்சு, கிரேன் வச்சு இறக்கி ஒண்ணோட ஒண்ணு இணைச்சு அன்னிக்கே செல்லு மேல உக்கார வச்சுட்டாங்க, பிளேட்டு கனம் சொன்ன மாதிரியே இருந்துச்சு, வெல்டிங்ல ஒரு குறை சொல்ல முடியாது. பெயிண்டுதான் சுமார், ராம்ப் முனையில அதுக்குள்ள துரு எட்டிப்பாக்குது.

மொதல் வாரத்துலயே பிரச்சனை வந்துச்சு. காலையில எடை போட்ட அதே லோடு லாரியை மதியம் போட்டா எடை கம்மியா காட்டுது, மூணு தடவை ஏத்தி இறக்குனா மூணு எடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பழையபடி சரி. சர்வீஸுக்கு வந்த தம்பி மதியம் வெயில்ல நின்னு கேலிப்ரேஷன் (மெஷின் காட்டுற எடையை சரி பண்றது) பண்ணிட்டு "ஓகே சார், இப்ப கரெக்டா இருக்கு"ன்னு போயிட்டார். மறுநாள் காலையில பாத்தா எடை அதிகமா காட்டுது! அப்புறம் கம்பெனியில இருந்து வயசான சர்வீஸ் ஆள் ஒருத்தர் வந்தார், வந்தவர் டிஸ்ப்ளே பக்கமே போகல, மேடை முனைக்குப் போய் குனிஞ்சு ஸ்டாப்பர் போல்ட்டுக்கும் மேடைக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டை நுழைச்சுப் பாத்தார், போகல. இவ்வளவுதான் விஷயம். மேடை முன்னபின்ன ஆடாம இருக்க ரெண்டு முனையிலயும் ஸ்டாப்பர் போல்ட் வச்சிருப்பாங்க, அதுக்கும் மேடைக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். ஃபிட்டிங் பண்ணவங்க விடியக்காலையில குளிர்ச்சியா இருக்கும்போது அதை ஒட்டி வச்சுட்டாங்க. 16 மீட்டர் இரும்பு, விடியக்காலைக்கும் வெயில் அடிக்குற மதியத்துக்கும் இரும்புல 30 டிகிரி வித்தியாசம் வந்தா அஞ்சாறு மில்லிமீட்டர் நீளும். நீண்டு ரெண்டு பக்கமும் போய் முட்டிக்கிட்டு நிக்குது, முட்டுற இடம் பாரத்துல ஒரு பங்கை வாங்கிக்குது, செல்லுக்கு முழுசா போகல. போல்ட்டை தளத்தி இடைவெளி விட்டு, அந்த தம்பி பண்ண கேலிப்ரேஷனை அழிச்சு திரும்ப பண்ணார், அதோட சரி. அந்த பெரியவர் "மதியம் ஒரு தடவை காலையில ஒரு தடவை கார்டு விட்டுப் பாத்துக்கோங்கண்ணே, மாட்டுனா எங்களுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி அதைப் பாருங்க"ன்னார். முத்திரை போடுறதுக்கு முன்னாடி இது நடந்ததால தப்பிச்சோம், முத்திரை போட்டதுக்கு அப்புறம்னா சீலை உடைச்சு திரும்ப ஆபீஸுக்கு அலையணும்.

முத்திரைன்னதும் பயப்படாதீங்க. நம்ம ஊர்ல எடையளவு சட்டம் தொழிலாளர் துறை கையில, முத்திரை ஆய்வாளர் வந்து பாக்கணும், எடை மேடைக்கு வருஷத்துக்கு ஒருதடவை. சோதனை எடைக்கல் 1 டன் அளவுக்கு நம்ம இடத்துலயே முத்திரை போட்டு வச்சிருக்கணும், இதை எந்த சேல்ஸ் ஆளும் வாயைத் திறந்து சொல்றதில்ல, இருவது கிலோ கல்லு அம்பது வாங்க ஆகுற செலவு கொட்டேஷன்ல வராது. கல்லை மூலை மூலையா மாத்தி வச்சுப் பாத்தாங்க, அப்புறம் லோடு வண்டியை நிறுத்தி அது மேல கல்லை ஏத்தி சரியா கூடுதான்னு பாத்தாங்க. லோடுமேனுங்க அம்பது கல்லை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி கடுப்பாயிட்டாங்க, அன்னிக்கு மட்டும் கூலி தனியா குடுத்தோம்.

ஓடுறப்ப வர்ற தொல்லைன்னா சோள டெப்போவுக்குன்னே ரெண்டு இருக்கு. ஒண்ணு எலி. சோளம் சிந்துற இடத்துல எலிக்கு என்ன பஞ்சம், மேடைக்கு அடியில நிழலா வேற இருக்கு, லோட் செல் கேபிளை கடிச்சுடும். இரும்பு பைப்புக்குள்ள விட்டாதான் தப்பும், கம்பெனி போட்டது பிளாஸ்டிக் ஹோஸ், ஒரு கேபிள் போனதுக்கு அப்புறம் நாங்களே மெட்டல் ஹோஸ் வாங்கி மாத்திட்டோம். அனலாக்ல எந்த செல்லு போச்சுன்னு டிஸ்ப்ளே சொல்லாது, ஜங்ஷன் பாக்ஸை திறந்து ஒவ்வொண்ணா மீட்டர் வச்சுப் பாக்கணும், டிஜிட்டல் செல்லுன்னா நம்பரோட காட்டிடும். திரும்ப வாங்குறதா இருந்தா டிஜிட்டலுக்கு கூட காசு குடுப்பேன். ரெண்டாவது, மேடைக்கும் ராம்ப்புக்கும் நடுவுல இருக்குற இடைவெளியில சோளமும் மண்ணும் போய் அடைச்சுக்குது, மழை பேஞ்சா அங்கேயே முளைச்சு பச்சைப்பசேல்னு நிக்குது, பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா காலி மேடையில ஜீரோ வராது. வாரம் ஒருக்கா கம்பி விட்டு நோண்டி ஏர் அடிக்கணும்.

மேடை மேல நிக்குற வண்டியில வெல்டிங் வைக்க விடாதீங்க. கரண்ட் செல்லு வழியா இறங்குனா செல்லு அவ்வளவுதான். டிரைவர் "ரெண்டு நிமிஷ வேலை முதலாளி"ன்னுதான் கேப்பார். மேடைக்கும் கேபினுக்கும் ஒழுங்கா எர்த் அடிச்சுக்கறதும் இடி மின்னலுக்கு நல்லது.

வெளிய வச்சிருக்குற பெரிய டிஸ்ப்ளேவுக்கு முழு மார்க் குடுப்பேன். விவசாயி கேபினுக்குள்ள வந்து எட்டிப் பாக்க வேண்டியதில்ல, டிராக்டர்ல உக்காந்துகிட்டே சிவப்பு நம்பரை படிச்சுக்கலாம், மதிய வெயில்லயும் தெரியுது. வியாபாரி சொந்த மேடைன்னா சந்தேகம் வரத்தான் செய்யும், நியாயம்தான், அதனால வெளிய எங்க வேணா எடை போட்டு சீட்டு கொண்டு வாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம், ஆரம்பத்துல நிறைய பேர் போட்டுட்டு வந்தாங்க, இப்ப கம்மி. (ஈரப்பதச் சண்டை அப்படியே இருக்கு, அதுக்கு எந்த மேடையும் வழி பண்ணாது.) ரெண்டு முனைக்கும் கேமரா வச்சு எல்லா சக்கரமும் மேடைக்குள்ள இருக்குறது சீட்டுலயே போட்டோவா வர்ற மாதிரி பண்ணியிருக்கோம். காலி வண்டி எடைக்கு டிரைவர் உள்ள இருந்தா லோடு எடைக்கும் உள்ள இருக்கணும், இல்லன்னா எழுவது கிலோ யாருக்கோ நஷ்டம். சாஃப்ட்வேர்ல தமிழ்ல சீட்டு வரும்னு சொன்னாங்க, வருது, ஆனா "நிகர எடை"யில கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா பிரிஞ்சு நிக்குது, சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

விலைன்னு பாத்தா மேடை, சிவில், கேபின், எடைக்கல், கேமரா எல்லாம் சேத்து பத்து லட்சத்தை நல்லா தாண்டும், மெஷினுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. பேரம் பேசுறப்ப மேடை விலையில பத்தாயிரம் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டாம, ஃபவுண்டேஷன் போட்டு முடிச்சதும் கம்பெனி ஆள் வந்து லெவல் பாத்து கையெழுத்து போட்டுக் குடுக்கணும்னு ஆர்டர்லயே எழுதி வாங்குங்க, கடைசி தவணையை முத்திரை போட்ட அப்புறம்தான் தருவோம்னு போடுங்க. ரெண்டுக்கும் மொதல்ல முடியாதும்பாங்க, அட்வான்ஸ் செக்கை டேபிள் மேல வச்சுட்டு பேசுனா ஒத்துக்குவாங்க. ஏஎம்சி (வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) எடுக்கறதா இருந்தா தை மாசியில போன் பண்ணா எத்தனை மணி நேரத்துல ஆள் வருவாங்க, ஸ்பேர் செல்லு அவங்க கையோட கொண்டு வருவாங்களா இல்ல ஆர்டர் போட்டுத்தான் வருமான்னு கேளுங்க. எங்களுக்கு எலி கடிச்சப்ப ஆள் மறுநாளே வந்துட்டார், கேபிள் வர்றதுக்குத்தான் வெளி எடைமேடையில போய் கியூவுல நின்னோம்.